சாயப்பட்டறைக்கு மூடல் உத்தரவு வந்திருந்தால் ஜாப் ஒர்க் (நம் துணியைக் கூலிக்குச் சாயமிடும் வேலை) கொடுக்கலாமா?

கேள்வி திருப்பூர் பட்டறை ஒன்றைப் பற்றியது. முதலில் எந்தக் காகிதம் என்று பாருங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் விளக்கம் கேட்கும் நோட்டீஸ் வெறும் குற்றச்சாட்டுதான். 1974 நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 33ஏ பிரிவில் மின் இணைப்பைத் துண்டிக்கச் சொல்லியிருந்தால், விஷயம் முற்றிவிட்டது.

வருடத்தையும் பாருங்கள். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூடச் சொன்னது. அதை வைத்து ஒரு பட்டறையை எடைபோட முடியாது. அதற்குப் பின் அந்த ஒரு பட்டறைக்கு மட்டும் வந்த உத்தரவுதான் பேசும். கழிவுநீர் மீட்டர் பதிவேடு எழுதாதது அலட்சியம். சுத்திகரிக்காமல் கழிவுநீரை வெளியே விடும் பைபாஸ் குழாய் பிடிபட்டது திட்டமிட்ட வேலை, அதை நான் மன்னிக்கமாட்டேன்.

கழிவுநீரை ஏன் திறந்துவிடுகிறார்கள்? கழிவுநீரை வடிகட்டும் ஆர்.ஓ. இயந்திரம் தள்ளும் உப்புநீரை எவாப்பரேட்டரில் காய்ச்ச விறகும் கரண்டும் நிறைய ஆகும். ராத்திரியில் நொய்யல் ஆற்றுக்குத் திருப்பினால் அந்தச் செலவு மிச்சம்.

நேரில் போனால் உப்புக் கணக்கைக் கேளுங்கள். சாயத்தொட்டியில் போட்ட உப்பு ஆவியாகாது. மீட்ட உப்புக் கரைசலாகவோ, மூட்டை கட்டிய கலப்பு உப்பாகவோ இருந்தே ஆகவேண்டும். கொள்முதல் பில் இருந்து, கரைசலோ மூட்டையோ எதுவுமே இல்லையென்றால், ஆர்டர் கொடுக்காதீர்கள். மறுபடி சீல் விழுந்தால் உங்கள் துணியும் உள்ளே மாட்டிக்கொள்ளும்.