அமிலம் அரித்த பல்லில் மறுபடியும் அமிலம் தடவுவது ஏன்?

நெஞ்செரிச்சலால் மேல் முன்பற்களின் உட்புறம் தேய்ந்துவிட்டது, அங்கே ஒட்டிய காம்போசிட் (பல் நிற அடைப்புப் பொருள்) இரண்டு முறை கழன்றுவிட்டது, ஏற்கெனவே அமிலம் அரித்த பல்லில் மருத்துவர் மீண்டும் அமிலம் தடவுவது எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். பல் மருத்துவன் என்ற முறையில் சொல்கிறேன்: இரண்டும் அமிலம்தான், ஆனால் செய்கிற வேலை வேறு.

1955-இல் அமெரிக்கப் பல் மருத்துவர் மைக்கேல் புவனகோர், பல்லின் கடினமான மேலுறையான எனாமலின் மீது பாஸ்பாரிக் அமிலத்தை அரை நிமிடம் வைத்துக் கழுவியபோது, அதன் மேல் ரெசின் என்னும் பிளாஸ்டிக் வகைப் பொருள் நன்றாகப் பற்றிக்கொள்வதைக் கண்டார். இன்று நாங்கள் வைக்கும் ஏறத்தாழ 37 சதவீத பாஸ்பாரிக் அமில ஜெல்லும் அதே போல எனாமலில் நுண்துளைகளை உண்டாக்குகிறது. திரவமாக இருக்கும் பாண்டிங் என்னும் ஒட்டுப்பொருள் அவற்றுக்குள் இறங்கி இறுகுவதால்தான் பிடிப்பு வருகிறது. இரைப்பை அமிலமோ ஆண்டுக்கணக்கில் வந்து வந்து போகிறது. அது மென்மையாக்கிய மேற்பரப்பை நாக்கும் பிரஷும் தேய்த்து எடுத்துவிடுவதால், கடைசியில் மிஞ்சுவது கண்ணாடி போல வழவழப்பான பரப்பு. எனாமல் போய், அடியிலுள்ள டென்டின் என்னும் பல்திசு வெளிப்பட்ட இடங்களில், நாளடைவில் அதன் நுண்குழாய்கள் தாது படிந்து அடைபட்டிருந்தால், ஜெல்லும் பாண்டிங்கும் அங்கே எளிதில் நுழைவதில்லை.

ஆகவே முதல் வேலை, மெல்லிய வைரப் பர் (வைரத் துகள் பதித்த சுழல்முனை) கொண்டோ அலுமினியம் ஆக்சைடு தூளைக் காற்றழுத்தத்தில் வீசியோ அந்த மேற்படலத்தைச் சற்றே சொரசொரப்பாக்குவது. தேய்ந்த பல்லை இன்னும் தேய்க்க வேண்டுமா என்று தயங்கி, பயிற்சிக் காலத்தில் நானும் இதைத் தவிர்த்து, ஒட்டியது கழன்று வந்த பிறகே பாடம் கற்றேன். அதன் பின் ஓரத்தில் எஞ்சிய எனாமலுக்கு மட்டும் ஜெல்லை 15 முதல் 30 விநாடி வைத்துக் கழுவிவிட்டு, டென்டினுக்கு எம்.டி.பி. என்ற மூலக்கூறு கலந்த பாண்டிங்கைத் தேய்த்துப் பூசுவதையே நான் விரும்புகிறேன். அந்த மூலக்கூறு பல்லின் கால்சியத்தோடு வேதியியல் முறையிலும் பிணைந்துகொள்ளும். ஈறோரத்து ஈரமும் எச்சிலும் படாதிருக்க ரப்பர் டேம் (பல்லை மட்டும் வெளியே விடும் ரப்பர் திரை) போடுவது அவசியம். பற்களின் உட்புறத்தில் ஒட்டியது கழன்று விழுவதற்கு இந்த ஈரமும் ஒரு பெரிய காரணம்.

நெஞ்செரிச்சலுக்கும் வயிற்று மருத்துவரைப் பாருங்கள். காம்போசிட்டை இரைப்பை அமிலம் அவ்வளவாக அரிக்காது, சுற்றியுள்ள பல்லைத்தான் அரிக்கும். அதனால் சிகிச்சை பெறாதவர்களின் வாயில், பல் கரைந்து இறங்க, அடைப்பு மட்டும் தீவு போல மேடாக நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.