ராம் ஸ்லாட் தகராறு: கேட்டவர்களுக்குப் பதில்

கேள்வி: அண்ணா, புதுசா பிசி அசெம்பிள் பண்ணினேன். ஏஎம்டி பிராசஸருக்கான ஏஎம்5 போர்டு, டிடிஆர்5 ராம் இரண்டு. ஃபேன் சுற்றுகிறது, மானிட்டரில் ஒன்றும் வரவில்லை. போர்டில் டிராம் என்று போட்டிருக்கும் இடத்தில் விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. ராம் போயிடுச்சா?

பதில்: முதலில் எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள் என்று சொல்லுங்கள். ஏஎம்5-இல் முதல் தடவை ஆன் செய்யும்போது பிராசஸர் அந்த ராமோடு பழகிக்கொள்ளவே சில நிமிடங்கள் எடுக்கும் (மெமரி டிரெய்னிங் என்பார்கள்), அதுவரை திரை கறுப்பாகத்தான் கிடக்கும், நிறைய பேர் பயந்துபோய் நடுவிலேயே பவரை அணைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். கால் மணி நேரம் அப்படியே விடுங்கள். அப்புறமும் வரவில்லை என்றால் பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு ராமைக் கழற்றி மாட்டுங்கள். இப்போது வரும் பல போர்டுகளில் ஒரு பக்கம்தான் கிளிப் இருக்கிறது, மறுமுனை சரியாக இறங்காமலே உட்கார்ந்த மாதிரி தெரியும், அந்த முனையையும் கட்டைவிரலால் நன்றாக அழுத்துங்கள்.

கேள்வி: நாலு ஸ்லாட்டில் இரண்டு ராம் எங்கே போடுவது? பக்கத்துப் பக்கத்தில் போட்டால் என்ன?

பதில்: பிராசஸர் பக்கமிருந்து எண்ணினால் இரண்டாவது, நாலாவது. போர்டில் ஏ2, பி2 என்று எழுதியிருக்கும். பெரும்பாலான போர்டுகளில் ஒவ்வொரு சேனலின் (பிராசஸருக்கும் ராமுக்கும் நடுவில் உள்ள பாதை; ஏ1, ஏ2 ஒரு சேனல், பி1, பி2 இன்னொன்று) கம்பித்தடமும் முதல் ஸ்லாட்டைத் தொட்டுவிட்டு இரண்டாவதில் போய் முடிகிறது. முதல் ஸ்லாட்டில் மட்டும் ராம் இருந்தால், அதைத் தாண்டி மிச்சமிருக்கும் தடம் முட்டுச்சந்து மாதிரி ஆகிவிடும், உள்ளே போன சிக்னல் முட்டித் திரும்பி வந்து குழப்பும். வேகம் கூடக் கூட இந்தத் தொல்லையும் கூடும். முதல் இரண்டிலோ கடைசி இரண்டிலோ பக்கத்துப் பக்கத்தில் போட்டால் இரண்டும் ஒரே சேனலில் மாட்டிக்கொள்ளும், ஓடினாலும் மெதுவாகத்தான் ஓடும்.

கேள்வி: சார், எந்த ராமைப் போட்டாலும் பி1, பி2-வில் எழுகிறது, ஏ1, ஏ2-வில் போட்டால் எழவே இல்லை. இன்டெல் பிராசஸருக்கான எல்ஜிஏ1700 போர்டு. கடையில் போர்டு போச்சு, மாத்துங்க என்கிறார்கள். பழைய கூலரை மாற்றிய பிறகுதான் இப்படி.

பதில்: இதில்தான் அநியாயமாகக் காசு போகிறது. ஒரு சேனல் முழுதாகப் படுத்தால் ஸ்லாட் மேல் சந்தேகப்படுவதற்கு முன்னால் பிராசஸர் சாக்கெட்டைப் பாருங்கள். ராமைக் கட்டுப்படுத்தும் பகுதி முன்பு போர்டில் தனி சிப்பாக இருந்தது, ஏஎம்டி 2003-இல் அத்லான் 64-இலும், இன்டெல் 2008-இல் நெஹேலமிலும் அதை பிராசஸருக்குள் கொண்டுபோய்விட்டன. ஆகவே ஏ சேனலின் தடங்கள் எல்லாம் சாக்கெட்டின் பின்கள் வழியாகத்தான் போகின்றன, அங்கே ஒரு பின் படுத்தால் போதும், இரண்டு ஸ்லாட்டும் சேர்ந்து செத்த மாதிரி காட்டும்.

உங்களுக்கு முதல் சந்தேகம் கூலர்தான். நாலு ஸ்க்ரூவையும் கால் சுற்று தளர்த்திப் பாருங்கள். எழுந்துவிட்டால், ஒரு மூலை அதிகமாக இறுகியிருந்தது என்று அர்த்தம், கூலரைக் கழற்றி எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். எழவில்லை என்றால் பிராசஸரை எடுத்துவிட்டு மொபைல் டார்ச்சை சாய்வாகப் பிடித்துச் சாக்கெட்டைப் பாருங்கள், நேராக அடித்தால் தெரியாது. எல்லாப் பின்களும் ஒரே மாதிரி மின்னும்போது வளைந்தது மட்டும் வேறு கோணத்தில் மின்னும். அதை உள்ளே எழுதும் குச்சி இல்லாத மெக்கானிக்கல் பென்சில் முனையாலோ ஊசியாலோ நிமிர்த்துகிறவர்கள் உண்டு. கை நடுங்குகிறவர் தொடவே வேண்டாம், உடைந்தால் போர்டு நிஜமாகவே போச்சு. ஏஎம்4 (ஏஎம்5-க்கு முந்தைய ஏஎம்டி சாக்கெட்) வைத்திருப்பவர்கள் பிராசஸரைத் திருப்பிப் பாருங்கள், அதில் பின் பிராசஸரில்தான் இருக்கிறது.

கேள்வி: ரப்பர் வைத்துத் தேய்த்தால் சரியாகும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: பழைய ராமுக்கு உண்மைதான். வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளை ஸ்லாட் பக்கம் போகவிடாமல் தட்டிவிடுங்கள். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கிடைத்தால் அதுவே மேல். புது ராமுக்கு இது தேவையில்லை. ஸ்லாட்டுக்குள் வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும்.

கேள்வி: ப்ரோ, ரைசன் 7000, 6000 வேக ராம் இரண்டு போட்டு நன்றாக ஓடியது. அதே மாடலில் இன்னும் இரண்டு வாங்கி நாலாகப் போட்டேன், எக்ஸ்போ (ராமை அதில் போட்டிருக்கும் வேகத்தில் ஓடவைக்கும் பயாஸ் செட்டிங்) ஆன் பண்ணினால் எழ மாட்டேன் என்கிறது.

பதில்: எழாதது ஆச்சரியமே இல்லை. அந்த பிராசஸருக்கு ஏஎம்டி அதிகாரபூர்வமாகச் சொல்வது இரண்டு ஸ்டிக்குக்கு 5200, நாலு போட்டால் 3600. மேலே ஓடுவதெல்லாம் அதிர்ஷ்டம். ஒரே மாடல் என்றாலும் தனித்தனியாக வாங்கினால் உள்ளே வேறு சிப் இருக்கலாம். சிமாஸ் கிளியர் பண்ணுங்கள், அதாவது போர்டு நினைவில் வைத்திருக்கும் செட்டிங்கை அழியுங்கள்: பவர் கேபிளைப் பிடுங்கி, வட்ட பேட்டரியை எடுத்து, சில நிமிடம் கழித்துப் போடுங்கள். எக்ஸ்போ இல்லாமல் எழும். பிறகு வேகத்தைக் கையால் படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு தடவையும் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை ஓட விடுங்கள், ஒரு பிழை வந்தாலும் ஒரு படி இறங்குங்கள். எனக்கு என்றால் நாலையும் விற்றுவிட்டு பெரிய கொள்ளளவில் இரண்டாக வாங்கிவிடுவேன்.

கேள்வி: எல்லாம் பார்த்தாச்சு, ஏ1 மட்டும்தான் வேலை செய்யவில்லை. அப்படியே விட்டுவிடலாமா?

பதில்: வாரண்டி இருந்தால் விடாதீர்கள், கொடுத்துவிடுங்கள். முடிந்துவிட்டதா? ஏ2, பி2 போதும், தாராளமாக ஓட்டுங்கள். டார்ச் அடித்து ஸ்லாட்டுக்குள் துகள், மடங்கிய தகடு ஏதாவது தெரிகிறதா என்று மட்டும் ஒருமுறை பாருங்கள்.