ஸ்டூல்கள் ஏன் மாடிக்குப் போயின?

கேள்வி: கும்பகோணத்தில் எங்கள் குடும்பத்து ஜவுளிக்கடையை இரண்டு வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பதினான்கு பெண்கள் வேலை செய்கிறார்கள். வீட்டுப் பெண்களைப் போலத்தான் நடத்துகிறேன். ஆனால் அன்பாகச் சொன்னால் வேலை நடப்பதில்லை. ஆடித் தள்ளுபடி சமயத்தில் கடுமையாகப் பேசினேன், மூன்று பேர் வேலையை விட்டு நின்றுவிட்டார்கள். மாமனாருக்கு முழங்கால் வலி என்று கல்லாவில் பெரிய நாற்காலி போட்டோம். இடம் போதாமல் பெண்களின் ஸ்டூல்களை மாடிக்கு ஏற்றிவிட்டோம். வியாபாரத்தில் குறை இல்லை, ஆட்களைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. முதலாளி அன்பாக இருக்க வேண்டுமா, கண்டிப்பாக இருக்க வேண்டுமா?

பதில்: அந்த ஸ்டூல்களைப் பற்றி முதலில் பேசுவோம். போகிற போக்கில் அதை எழுதிவிட்டு அடுத்த வரியில் வியாபாரத்துக்குப் போய்விட்டீர்கள். எனக்கு அதைத் தாண்டிப் போக முடியவில்லை.

மாமனாருக்கு நாற்காலி போட்டது நல்ல காரியம். வலியோடு கல்லாவில் உட்காரும் பெரியவரைக் கவனிப்பது வீட்டில் உள்ளவர்களின் கடமை, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவருடைய முழங்கால் கண்ணில் பட்ட உங்களுக்கு, அதே கடையில் திறந்ததிலிருந்து சாத்தும்வரை நிற்கிற பதினான்கு பேரின் கால்கள் எப்படிப் படாமல் போயின?

"வீட்டுப் பெண்களைப் போல" என்கிறீர்கள். எத்தனையோ முதலாளிகள் இதை எனக்கு எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் கோபம்தான் வருகிறது. மாதவிலக்கு நாளில் உங்கள் மகளோ நாத்தனாரோ பொழுதுக்கும் நின்றால் பார்த்துக்கொண்டிருப்பீர்களா? குடும்பம் என்று சொன்னால் குடும்பத்துக்குச் செய்வதைச் செய்யுங்கள். முடியாதென்றால் அந்த வார்த்தையை எடுக்காதீர்கள்.

சட்டமும் உங்கள் பக்கம் இல்லை. தமிழ்நாட்டில் 2021-ல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். ஊழியர்கள் எல்லாருக்கும் இருக்கை வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார முடிய வேண்டும் என்கிறது அது. கேரளத்தில் 2018-லேயே இது வந்துவிட்டது. கோழிக்கோட்டில் பி. விஜி தொடங்கிய 'பெண்கூட்டு' அமைப்பும் ஜவுளிக்கடைப் பெண்களும் பல வருடம் போராடி வாங்கிய உரிமை. உட்காருவதற்குப் போராட வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு ஆறுவதில்லை.

என் அக்கா 16 வருடம் ஒரு ஜவுளிக்கடையில் நின்றவள். ராத்திரி வந்ததும் வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை வைத்துக்கொள்வாள். கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு கிடக்கும். அந்தக் கடை மேனேஜர் வாயைத் திறந்தால் வசவுதான். ஆனால் மத்தியானம் கூட்டம் குறைந்ததும், "உட்காருங்கம்மா, ஆள் வந்தா நான் கூப்பிடுறேன்" என்று அவரே வாசலில் போய் நிற்பார். அவர் திட்டியதற்காக அக்கா ஒருநாள்கூட வேலையை விட நினைத்ததில்லை. அப்புறம் வந்தவர் "பாப்பா, கண்ணு" என்று கொஞ்சிக்கொண்டே ஸ்டூலை எடுத்தார். ஆறே மாதத்தில் அக்கா நின்றுவிட்டாள்.

சரி, கண்டிப்பு வேண்டாமா? வேண்டும். பிரித்துக் காட்டிய சேலைகளை மடிக்காமல் குவியலாக விட்டுப் போனால் கேளுங்கள். ஸ்டாக் கணக்கு தப்பினால் மறுபடி எண்ணச் சொல்லுங்கள். வாடிக்கையாளர் முன்னால் வேண்டாம், தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். ஆனால் கால் கடுத்து நிற்கிறவளிடம் நீங்கள் எந்தக் குரலில் சொன்னாலும் காதில் ஏறாது. அன்பாகச் சொல்லியும் நடக்கவில்லை என்கிறீர்களே, அதற்குக் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டாம்.

நாளைக் காலை முதல் வேலையாக ஸ்டூல்களைக் கீழே இறக்குங்கள். இடம் போதாவிட்டால் துணி அடுக்கிய மேஜையில் ஒன்றை மாடிக்கு ஏற்றுங்கள். மாமனாரிடம் நீங்களே சொல்லுங்கள், கணவரைத் தூது அனுப்ப வேண்டாம். நின்றுபோன மூன்று பேர் வீட்டுக்கும் போய், ஏன் நின்றார்கள் என்று கேட்டு வாருங்கள். மாடியில் எத்தனை ஸ்டூல் கிடக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. எண்ணிப் பாருங்கள், பதினான்குக்குக் குறைந்தால் வாங்கிப் போடுங்கள்.