கடையில் ஓயட்டும், வீட்டில் உழைக்கட்டும்

கேள்வி: ஜெராக்ஸ் கடையோடு ஆன்லைன் விண்ணப்பங்களும் பதிந்து கொடுக்கிறேன். 2017-இல் வாங்கிய லேப்டாப். ஆறாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம், 1 டிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. காலையில் ஆன் செய்தால் வேலைக்கு வருவதற்குள் வாடிக்கையாளர் எழுந்து போய்விடுகிறார். கரண்ட் போனால் லேப்டாப்பும் அணைந்துவிடுகிறது. மூடியின் கீல் ஒரு பக்கம் விட்டுவிட்டது. ஒரு கடையில் “போர்டு போய்விட்டது, புதிது வாங்குங்கள்” என்றார்கள். இன்னொரு கடையில் ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டால் போதும் என்கிறார்கள். சம்பா அறுவடை தொடங்கினால் கூட்டம் வரும். மகளும் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். என்ன செய்யலாம், ஐயா?
- வாசகி, நீடாமங்கலம்

பதில்: சகோதரி, மெதுவாக இயங்குவதை வைத்துப் போர்டு போய்விட்டது என்று யாரும் சொல்லிவிட முடியாது. போர்டு, அதாவது எல்லாப் பாகங்களையும் இணைக்கும் மதர்போர்டு, பழுதானால் பெரும்பாலும் ஆன் ஆகவே செய்யாது, அல்லது வேலையின் நடுவில் அணைந்துபோகும். கும்பகோணத்தில் என் மேசைக்கு “போர்டு போய்விட்டது” என்ற தீர்ப்போடு வரும் லேப்டாப்புகளில் பல, டிஸ்க்கை மாற்றியதும் நன்றாகவே ஓடுகின்றன. நல்ல கருவியைப் பழைய இரும்புக்கு அனுப்புவதைப் பார்க்க எனக்குப் பொறுப்பதில்லை.

நீங்களே ஒரு சோதனை செய்யுங்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். லேப்டாப் திணறும் நேரத்தில் அதில் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நின்று, சிபியு, அதாவது பிராசஸரின் உழைப்பு, குறைவாக இருந்தால் குற்றவாளி ஹார்டு டிஸ்க். ஆற்றில் தண்ணீர் இருந்தும் மதகு சிறியதென்றால் வயல் காய்வதுபோல, பிராசஸர் சும்மா காத்துக் கிடக்கிறது. சுழலும் ஹார்டு டிஸ்க் நொடிக்கு ஏறக்குறைய 100 எம்பி வேகத்தில் படிக்கும். சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டியில், சாதாரண சாட்டா வகையே 500 எம்பியைத் தொடும். சிறு சிறு கோப்புகளைத் தேடி எடுப்பதில் வித்தியாசம் இன்னும் பெரிது. உங்கள் வேலை முழுவதும் சிறு கோப்புகள்தானே. மெமரியும் 90 சதவீதத்துக்கு மேல் நின்றால் ராமை 8 ஜிபி ஆக்குங்கள். அதற்கு முன் அடிப்பகுதியைத் திறந்து காலியான ஸ்லாட் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சில மாடல்களில் ராம் போர்டோடு பற்றவைத்திருக்கும், கூட்ட முடியாது. டிஸ்க்கிலிருந்து ‘டிக் டிக்’ என்ற சத்தம் வந்தால் மட்டும் சோதனையெல்லாம் பிறகு. முதலில் கோப்புகளை வேறொன்றில் நகலெடுங்கள்.

கீலைத் தள்ளிப் போடாதீர்கள். திரைக்குப் போகும் ஒயர் அதன் வழியாகத்தான் போகிறது. இன்று சிறு செலவு. ஒயரும் திரையும் போனால் இந்த லேப்டாப்புக்கு அதற்குமேல் செலவழிப்பதில் அர்த்தமில்லை. பேட்டரி வேறு விஷயம். லித்தியம் பேட்டரி சில நூறு முறை சார்ஜ் ஏறி இறங்கியதும் வலுவிழப்பது இயல்பு, எட்டு வருடத்துக்கு மேல் எந்தப் பேட்டரியும் பழையபடி நிற்காது. ஆனால் டச்பேட் மேலே எழும்பியிருந்தாலோ, அடிப்பகுதி உப்பியிருந்தாலோ, அன்றோடு சார்ஜ் போடுவதை நிறுத்துங்கள். உப்பிய பேட்டரி தீப்பிடிக்கும். அதை அழுத்தவோ குத்தவோ கூடாது.

நெல் கொள்முதல் நிலையத்துக்குப் பக்கத்தில் கடை இருந்தால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். அறுவடைக் காலத்தில் நெல் சுணை மின்விசிறியில் படிந்து காற்று வழியையே அடைத்துவிடுகிறது. சூடு ஏறினால் பிராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எஸ்எஸ்டி போடத் திறக்கும்போதே விசிறியைச் சுத்தம் செய்து, பிராசஸரின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டையும் மாற்றச் சொல்லுங்கள்.

இத்தனையும் செய்தால் லேப்டாப் வேகமாகிவிடும். ஆனாலும் கடைக்கு அதையே தொடர்ந்து வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. கூடுதலாக அறிவித்த ஓராண்டுப் பாதுகாப்பும் தற்காலிக ஏற்பாடுதான். விண்டோஸ் 11 இன்டெல்லில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் முறைப்படி ஏறும். குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். உங்கள் லேப்டாப்பில் ஊராரின் ஆதார் நகல், பாஸ்புக், சிட்டா எல்லாம் இருக்கின்றன. நம்பிக் கொடுத்தவர்கள். பாதுகாப்புப் புதுப்பிப்பு வராத கணினியில் அவற்றை வைத்திருப்பது சரியல்ல. விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் போடலாமே என்றால், கடையில் கைரேகைக் கருவி இருந்தால் அதற்கான மென்பொருள் அதில் ஓடுமா என்று அதை விற்றவரிடம் கேட்காமல் கடையில் சோதனை செய்ய வேண்டாம்.

ஆகவே இப்போது எஸ்எஸ்டி, கீல், சுத்தம் மூன்றையும் முடித்து அறுவடைக் கூட்டத்தைச் சமாளியுங்கள். கூட்டம் ஓய்ந்ததும் கடைக்கு எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய, அலுவலகங்களில் ஓடிய, எழுத்தில் வாரண்டி தரும் லேப்டாப் ஒன்றை வாங்குங்கள். மொத்தப் பழுதுச் செலவு அதன் விலையில் பாதியைத் தாண்டும் என்றால் மட்டும், பழுதில் பணம் போடாமல் நேராக அதையே வாங்கிவிடுங்கள். இது என் கணக்கு. பழையதில் கடைக் கோப்புகளை அழித்து, லினக்ஸ் மின்ட் ஏற்றி மகளிடம் கொடுங்கள். பாடம், கட்டுரை, வீடியோ வகுப்பு எல்லாவற்றுக்கும் தாராளமாகப் போதும். போட்ட எஸ்எஸ்டியும் வீணாகாது. பிற்காலத்தில் யுஎஸ்பி பெட்டிக்குள் வைத்து வெளி டிஸ்க்காகப் பயன்படுத்தலாம்.

கேள்வி: மழைச் சாரலில் நனைந்த லேப்டாப்பை அரிசி மூட்டைக்குள் வைத்தால் சரியாகிவிடுமா?
- வாசகர், வேதாரண்யம்

பதில்: ஆகாது. போர்டுக்குள் போன ஈரத்தை அரிசி உறிஞ்சி எடுக்காது. தவிட்டுத் தூசிதான் உள்ளே போகும். ஆன் செய்து பார்க்கவே பார்க்காதீர்கள். சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றி, அன்றே பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோய் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் போர்டைக் கழுவச் சொல்லுங்கள். உங்களுடையது கடலோர ஊர். உப்புப் பட்ட செம்பு வேகமாக அரிக்கும். 2018 நவம்பரில் கஜா புயல் உங்கள் பக்கம் கரையேறியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். புயல் எச்சரிக்கை வந்தால் லேப்டாப்பைப் பிளாஸ்டிக் பையில் கட்டி உயரத்தில் வையுங்கள்.

கேள்வி: பள்ளியில் அரசு கொடுத்த பழைய லேப்டாப், ராம் 2 ஜிபி. காயலான் கடைக்குப் போடலாமா?
- வாசகர், வலங்கைமான்

பதில்: ஆன் ஆகிறதென்றால் போடாதீர்கள். எடை குறைந்த லினக்ஸ் ஏற்றினால், வீட்டுப் பிள்ளைகள் தமிழ்99 விசைப்பலகையில் தட்டச்சுப் பழக அது போதும். உயிரே இல்லை என்றால் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு, மின்கழிவு சேகரிப்பவரிடம் மட்டும் கொடுங்கள். பேட்டரியைத் தனியாகக் கொடுக்க வேண்டும்.