உறைகலனில் இருப்பது யார்?

கேள்வி: கரு உண்டான நிமிடமே உயிர் வந்துவிடுகிறது என்று விஞ்ஞானமே சொல்கிறது. அப்படியானால் கருக்கலைப்பு கொலைதானே? அமெரிக்காவே தடை செய்துவிட்டது. நம் நாட்டில் மட்டும் ஏன் இதை உரிமை என்று கொடுத்து வைத்திருக்கிறார்கள்?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: முதலில் இரண்டு தகவல் பிழைகள். அமெரிக்கா தடை செய்யவில்லை. 1973-இல் ரோ என்ற வழக்கில் கருக்கலைப்பு உரிமைக்குத் தந்த பாதுகாப்பை 2022 ஜூனில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் விலக்கிக்கொண்டு, மாநிலங்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று கை கழுவியது. டெக்சாஸில் குற்றம், கலிஃபோர்னியாவில் உரிமை. அதே போல, நம் நாட்டில் இது உரிமை என்று யார் சொன்னது? 1860-இல் வெள்ளைக்காரன் எழுதிய தண்டனைச் சட்டத்தில் கருக்கலைப்பு குற்றம்; அதன் இடத்தில் வந்த இன்றைய நியாய சன்ஹிதாவின் 88-ஆம் பிரிவிலும் குற்றம்தான். தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் குற்றவாளி. 1971-ஆம் வருடச் சட்டம் செய்தது, இன்னின்ன காரணத்துக்காக, இத்தனை வாரத்துக்குள், பதிவுபெற்ற டாக்டர் செய்தால் வழக்கு கிடையாது என்று விலக்குக் கொடுத்தது மட்டுமே.

சரி, உயிருக்கு வருவோம். கரு உயிருள்ளதா என்றால், ஆமாம். கருவாவதற்கு முன்பு முட்டைக்கும் விந்தணுவுக்கும்கூட உயிர் உண்டு. நீங்கள் கேட்பது அதுவல்ல. அது எப்போது ஓர் ஆள் ஆகிறது என்பது. அதற்கு மைக்ரோஸ்கோப்பில் பதில் கிடைக்காது. ஒரே கரு இரண்டாகப் பிரிந்து இரட்டையர் ஆவது கருவான நாளிலேயே நடந்துவிடுவதில்லை. இரண்டு வாரம் வரைகூட ஆகலாம். முதல் நிமிடமே ஆள் வந்துவிட்டார் என்றால், பிரிந்த பிறகு அவர் இந்தப் பிள்ளையா, அந்தப் பிள்ளையா?

இந்த வாதத்தை முழுசாக நம்பிய ஊர் ஒன்று உண்டு. அமெரிக்காவின் அலபாமா. ஒரு மருத்துவமனையில் உறையவைத்திருந்த கருக்களை, உள்ளே புகுந்த யாரோ கையில் எடுத்து, குளிர் தாங்காமல் கீழே போட்டுவிட்டார். பெற்றோர் வழக்குப் போட்டார்கள். 2024 பிப்ரவரியில் அம்மாநில உச்ச நீதிமன்றம், உறைகலனில் இருப்பவையும் குழந்தைகளே என்றது. மறுவாரமே பெரிய மருத்துவமனைகள் செயற்கைக் கருத்தரிப்பை நிறுத்தின. பாதிச் சிகிச்சையில் நின்ற பெண்கள் சட்டமன்றத்தின் முன் போய் நின்றார்கள். மூன்று வாரத்துக்குள், கருக்கலைப்பை ஏறக்குறைய முழுசாகத் தடை செய்த அதே சட்டமன்றம், கருத்தரிப்பு மையங்கள் மீது வழக்குப் போட முடியாதபடி சட்டம் போட்டது. உறைகலனில் இருக்கும் 'குழந்தை'க்கு ஒரு நியாயம், பெண் வயிற்றில் இருப்பதற்கு வேறு நியாயம்.

உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டிலும் 'குழந்தையின்மை சிறப்பு முகாம்' பேனர் தொங்கும். உள்ளே ஒரு தம்பதிக்கு ஐந்தாறு கரு உண்டாக்கி, ஒன்றிரண்டை வைத்துவிட்டு மிச்சத்தை உறைய வைக்கிறார்கள். 2021-இல் வந்த சட்டப்படி பத்து வருடத்துக்கு மேல் வைக்கக்கூடாது. பிறகு அழிய விடலாம், அல்லது சம்மதம் வாங்கி ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாம். இதைக் கொலை என்று நீங்கள் ஒரு கார்டு எழுதியதில்லை. எழுத மாட்டீர்கள். உங்கள் மருமகள் அங்கே போக நேர்ந்தால் பிரசாதத்தோடு வழியனுப்புவீர்கள். தப்பில்லை, நானும் அப்படித்தான்.

அந்தப் பழைய வெள்ளைக்காரச் சட்டத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சாதாரணமாக மூன்று வருடம் வரை தண்டனை. வயிற்றுப் பிள்ளை அசையத் தொடங்கிய பிறகு என்றால் ஏழு வருடம் வரை. ஸ்கேன் இல்லாத அந்தக் காலத்தில் பிள்ளை அசைந்தது யாருக்குத் தெரியும்? அம்மா வாயைத் திறந்து சொன்னால்தான் உண்டு!

கருவும் ஒரு கட்டிதானே என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 2023 அக்டோபரில் டெல்லி வழக்கு ஒன்று. 27 வயது, ஏற்கெனவே இரண்டு குழந்தைகள். இரண்டாவது குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்ததால் மாதவிலக்கே வரவில்லை. கர்ப்பம் என்று தெரிந்தபோது ஆறு மாதம் நெருங்கிவிட்டது. பிரசவத்துக்குப் பிந்தைய மனநோய்க்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உச்ச நீதிமன்றத்தில் இரண்டு பெண் நீதிபதிகள் முதலில் அனுமதித்தார்கள். குழந்தை பிழைக்க வாய்ப்பு இருக்கிறது என்று எய்ம்ஸ் டாக்டர் மின்னஞ்சல் அனுப்பியதும் இருவரும் எதிரெதிர்த் தீர்ப்பு எழுதினார்கள். கடைசியில் மூன்று நீதிபதிகள் அமர்வு மறுத்தது. 26 வாரத்தில் துடிக்கிற இதயத்தை நிறுத்தச் சொல்ல அவர்கள் தயங்கியதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த விசாரணையில் அந்தப் பெண்ணின் சொல்லுக்கு என்ன எடை இருந்தது என்று தேடிப் பார்க்கிறேன், கையில் அகப்படவில்லை.

உயிர் எப்போது வருகிறது என்று உங்களுக்கும் எனக்கும் ஒத்துப்போகப் போவதில்லை. ஒத்துப்போகாத விஷயத்தில் முடிவெடுப்பது யார்? 1971 சட்டத்தின் சம்மதப் படிவத்தில், 18 வயது நிறைந்து மனநலத்தோடு இருக்கும் பெண்ணின் கையெழுத்து ஒன்றே போதும். கணவர் கையெழுத்துக்கு அதில் கட்டமே கிடையாது. சில வருடங்களுக்கு முன் உறவுக்காரப் பெண் ஒருத்திக்குத் துணையாக ஒரு மருத்துவமனைக்குப் போயிருந்தேன். எட்டு வாரம், டாக்டரும் சரி என்றுவிட்டார். கவுண்ட்டரில் இருந்த அம்மா படிவத்தை வாங்கி, மேலும் கீழும் பார்த்துவிட்டு, அவளிடம் கேட்காமல் என்னிடம் கேட்டார்: "வீட்டுக்காரர் வரலையா சார்? அவர் கையெழுத்து வேணுமே."