இன்டர்கூலருக்கு கேஸ் ஸ்ப்ரே: வாங்குமுன் அளந்து பாருங்கள்

கேள்வி: என் டர்போ காரின் பூஸ்ட்டை (டர்போ என்ஜினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தத்தை) கூட்டி டியூன் செய்திருக்கிறேன். டிராக் ரேஸ் (நேர்கோட்டில் குறுந்தூரம் ஓடும் drag பந்தயம்) தினங்களில் முதல் ஓட்டத்தில் பறக்கிறது. இரண்டாவது, மூன்றாவது ஓட்டத்தில் மந்தமாகிவிடுகிறது. இன்டர்கூலர் சூடேறுவதுதான் காரணம், அதன்மேல் கார்பன் டை ஆக்சைடு பீய்ச்சும் கிட் போட்டால் சரியாகிவிடும் என்கிறார் மெக்கானிக். கடைக்காரரோ நைட்ரஸ் ஆக்சைடு கிட்தான் இன்னும் குளிர்ச்சி என்கிறார். எதை வாங்கலாம்? நானே பொருத்திக்கொள்ள முடியுமா?

பதில்: மெக்கானிக் சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் அவர் வெப்பநிலையை அளந்து பார்த்துச் சொன்னாரா, அனுபவத்தை வைத்துச் சொன்னாரா என்று கேளுங்கள். காசு போடுவதற்கு முன் நடக்கவேண்டிய வேலை அது.

25 டிகிரியில் உள்ளே வரும் காற்றை 1 பார் பூஸ்ட்டுக்கு அழுத்தினால், டர்போவை விட்டு வெளியேறும்போது அது ஏறக்குறைய 120 டிகிரி இருக்கும். அந்தச் சூட்டை வாங்கி வெளிக்காற்றில் விடுவதுதான் இன்டர்கூலரின் வேலை. முதல் ஓட்டத்தில் அதன் அலுமினியம் குளிர்ந்திருப்பதால் சூட்டை அப்படியே விழுங்கிக்கொள்கிறது. ஓட்டம் முடிந்து வரிசையில் வந்து நிற்கிறீர்கள். எதிர்க்காற்று இல்லை, பக்கத்தில் ரேடியேட்டரின் அனல். அடுத்த ஓட்டத்துக்கு அது சூடான இரும்புச்சட்டி போலத்தான் போகிறது. உள்ளே போகும் காற்று சூடானால் நாக்கிங் வரும், அதாவது எரிபொருள் நேரம் தவறித் தானாக வெடிக்கும். அதைத் தவிர்க்க இசியு, அதாவது என்ஜினை நடத்தும் கணினி, இக்னிஷன் டைமிங்கை (ஸ்பார்க் பிளக் தீப்பொறி விடும் நேரத்தை) பின்னுக்கு இழுக்கும். நீங்கள் உணரும் மந்தம் பெரும்பாலும் இதுதான். காற்றின் அடர்த்தியும் குறைகிறது: 60 டிகிரி காற்றை 40 டிகிரிக்குக் கொண்டுவந்தாலே அதே அழுத்தத்தில் சுமார் 6 சதவீதம் கூடுதல் காற்று உள்ளே போகும்.

ஆகவே அடுத்த முறை மூன்று ஓட்டங்களுக்கும் டேட்டா லாக் (சென்சார்கள் காட்டும் அளவுகளின் பதிவு) எடுங்கள். இன்டேக் வெப்பநிலை ஒவ்வொரு ஓட்டத்திலும் ஏறிக்கொண்டே போய், டைமிங்கும் கூடவே இறங்கினால் மெக்கானிக் சொன்னது உறுதி. வெப்பநிலை ஒரே மாதிரி இருந்தும் கார் மந்தமானால் ஃபியூயல் பம்ப், இக்னிஷன் காயில், பூஸ்ட் குழாயில் கசிவு என்று வேறு பக்கம் தேட வேண்டும். எந்த ஸ்ப்ரேயும் அதைச் சரிசெய்யாது. இன்னொன்றையும் கவனியுங்கள். சில கார்களில் இன்டேக் வெப்பநிலையை அளக்கும் சென்சார் ஏர்ஃப்ளோ மீட்டரோடு சேர்ந்து டர்போவுக்கு முன்னால் இருக்கும். அது காட்டுவது ஃபில்டர் வழியாக வரும் காற்றின் சூடு மட்டுமே. உங்கள் காரும் அப்படியென்றால், இன்டர்கூலரை விட்டு வெளியேறும் குழாயில் தனியாக ஒரு சென்சார் பொருத்தி அளக்க வேண்டும். கிட் போட்ட பிறகு அது வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ளவும் அதே சென்சார்தான் உதவும்.

சரி, சூடுதான் காரணம் என்று உறுதியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஸ்ப்ரே எவ்வளவு உதவும்? 300 குதிரைத்திறன் என்ஜின் முழு வேகத்தில் வினாடிக்கு சுமார் 200 கிராம் காற்றை இழுக்கிறது. அதை 120 டிகிரியிலிருந்து 45-க்கு இறக்க வினாடிக்கு 15 கிலோஜூல் வெப்பத்தை எடுக்க வேண்டும். பத்து வினாடி ஓட்டத்துக்கு 150 கிலோஜூல். ஒரு கிலோ திரவ கார்பன் டை ஆக்சைடு வாயுவாகி, வெளிக்காற்றின் சூட்டுக்கு வரும்வரை வாங்கக்கூடிய வெப்பம் மொத்தமே சுமார் 250 கிலோஜூல்தான். ஓடும்போது பீய்ச்சினால் அதில் பெரும்பகுதியை எதிர்க்காற்று அடித்துக்கொண்டு போய்விடும்.

ஆனால் கார் நிற்கும்போது பீய்ச்சினால் கதையே வேறு. 5 கிலோ எடையுள்ள இன்டர்கூலரை 30 டிகிரி குளிரவைத்தால் அந்த அலுமினியத்தில் சுமார் 135 கிலோஜூலுக்கு இடம் உண்டாகிறது. உங்கள் ஓட்டம் முழுவதற்கும் தேவையானதில் பெரும்பகுதி அதிலேயே அடங்கிவிடுகிறது. எனவே ஸ்டார்ட் கோட்டில் நிற்கும்போது முன்கூட்டியே குளிரவைப்பதுதான் இந்த கிட்டின் உண்மையான பயன். அதற்கும் ஒவ்வொரு முறையும் அரைக் கிலோவுக்கு மேல் வாயு செலவாகும். 2 கிலோ சிலிண்டர் இரண்டு மூன்று ஓட்டத்துக்கே வரும். டிராக் ரேஸுக்கு இது பரவாயில்லை. இருபது நிமிடம் சர்க்யூட்டில் சுற்றுபவருக்கும் தினமும் டிராஃபிக்கில் ஓட்டுபவருக்கும் இதை வாங்கச் சொல்ல எனக்கு மனம் வராது. அவர்களுக்குப் பெரிய இன்டர்கூலரோ தண்ணீர் ஸ்ப்ரேயோ போதும். ஒரு கிலோ தண்ணீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. அதாவது வாயுவைப் போல ஒன்பது, பத்து மடங்கு. சுபாரு இம்ப்ரெஸா எஸ்டிஐ, மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன் கார்களில் சில மாடல்கள் கம்பெனியிலிருந்தே தண்ணீர் ஸ்ப்ரேயோடுதான் வந்தன. தண்ணீருக்கு ஒரு குறை உண்டு: புழுக்கமான நாளில் அது சரியாக ஆவியாகாது, சுற்றுக்காற்றின் வெப்பநிலையை விட அதிகம் கீழேயும் இறங்காது. வாயுவால் இறங்க முடியும்.

கார்பன் டை ஆக்சைடா, நைட்ரஸா என்றால் என் பதில் கார்பன் டை ஆக்சைடுதான். கடைக்காரர் சொல்லும் குளிர்ச்சிக் கணக்கு பொய்யல்ல. வெளியே வரும்போது நைட்ரஸ் மைனஸ் 88 டிகிரி, கார்பன் டை ஆக்சைடு மைனஸ் 78. அந்தப் பத்து டிகிரியால் உங்கள் ஓட்டம் மாறப்போவதில்லை. ஆனால் நைட்ரஸ் எரிதலைத் தூண்டும் வாயு. பீய்ச்சிய வாயு ஏர்ஃபில்டர் வாயில் நுழைந்துவிட்டால், டியூனில் கணக்கு வைக்காத ஆக்சிஜன் என்ஜினுக்குள் போய்விடும். எரிபொருள் போதாமல் பிஸ்டன் உருகும் அபாயம் வரும். கார்பன் டை ஆக்சைடு உள்ளே போனால் ஆக்சிஜனின் இடத்தை அது பிடித்துக்கொள்ளும், பவர் குறையும். அதுவும் நல்லதல்ல, ஆனால் என்ஜின் பிழைத்துக்கொள்ளும். எந்த வாயுவானாலும் முதல்முறை பானெட்டைத் திறந்துவைத்து, என்ஜினை ஐடிலில் விட்டு, ஒரு வினாடி பீய்ச்சிப் பாருங்கள். வெண்புகை எந்தப் பக்கம் ஊர்ந்து போகிறது என்று கண்ணாலேயே தெரியும். ஃபில்டர் பக்கம் போனால் ஸ்ப்ரே பாரின் (வாயுவைப் பீய்ச்சும் குழாயின்) கோணத்தை மாற்றுங்கள், அல்லது இடையில் ஒரு தகடு வையுங்கள்.

பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்காதீர்கள். நான்கைந்து வினாடியில் இன்டர்கூலரின் ஃபின்களின் (மெல்லிய அலுமினிய இதழ்களின்) நுனியில் வெள்ளைப் பொடி கட்டத் தொடங்கும். இன்னும் அழுத்தினால் அது இடைவெளியை மூடிவிடும். பிறகு ஓடும்போது எதிர்க்காற்று நுழைய வழியிருக்காது. மூன்று வினாடி பீய்ச்சுங்கள், சற்று விடுங்கள், மறுபடி பீய்ச்சுங்கள்.

இப்போது நான் மிகவும் கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன்: சிலிண்டர். 20 டிகிரியில் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டருக்குள் அழுத்தம் சுமார் 57 பார். 31 டிகிரியில் 74 பார். அதற்கு மேல் உள்ளே திரவம் என்ற ஒன்றே இருக்காது, அழுத்தம் கிடுகிடுவென ஏறும். வெயிலில் நிற்கும் காரின் டிக்கி 31 டிகிரியைத் தாண்ட அதிக நேரம் ஆகாது. என் நண்பர் ஒருவரின் ஹேட்ச்பேக்கில் அளவுக்கு மீறி நிரப்பிய சிலிண்டர் மதிய வெயிலில் இருந்தது. வெடிச்சத்தம் கேட்டு ஓடினோம். பாதுகாப்புத் தகடு (அழுத்தம் எல்லை மீறினால் தானே உடைந்து வாயுவை வெளியே விடும் மெல்லிய தகடு) உடைந்து வாயு முழுவதும் உள்ளேயே கொட்டியிருந்தது. பின்கண்ணாடியில் உட்புறமாக உறைபனி பூத்திருந்தது. தகடு தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. ஆனால் வாயு வெளியேற வழி வைக்கவில்லை. 2 கிலோ வாயு விரிந்தால் 1,000 லிட்டருக்கு மேல். ஒரு சிறிய காரின் உட்புறம் மொத்தமே 3,000 லிட்டர் அளவுதான். காற்றில் 4 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு இருந்தாலே உயிருக்கு ஆபத்து. அன்று பின்சீட்டில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

ஆகையால் பாதுகாப்புத் தகட்டிலிருந்து காருக்கு வெளியே போகும் குழாய் இல்லாத கிட்டை வாங்காதீர்கள். சிலிண்டருக்குள் அடிவரை போகும் சைஃபன் குழாய் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இல்லாவிட்டால் நிமிர்ந்து நிற்கும் சிலிண்டரிலிருந்து திரவத்துக்குப் பதில் வெறும் வாயு வரும், குளிர்ச்சி பாதிகூட இருக்காது. சோலனாய்டு வால்வும் (மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வு) ஹோஸும் இந்த அழுத்தத்துக்கென்றே செய்யப்பட்டவையாக இருக்க வேண்டும். ரேஸ் இல்லாத நாளில் சிலிண்டரைக் கழற்றி நிழலில் வைத்துவிடுங்கள்.

ஸ்ப்ரே பாரைப் பொருத்துவது, ரிலே வழியாக வயரிங் இழுப்பது, தனி மெயின் சுவிட்ச் வைப்பது எல்லாம் கைவேலை தெரிந்த யாரும் செய்யலாம். சிலிண்டர் கிளாம்ப்பை டிக்கித் தரையில் போல்ட் போட்டு, அடியில் தகடு வைத்து முடுக்க வேண்டும். துளை போடுமுன் காருக்கு அடியில் படுத்துப் பாருங்கள், பெட்ரோல் டேங்க் அங்கேதான் இருக்கக்கூடும். அழுத்தக் குழாய் இணைப்புகளை மட்டும் அந்த வேலையிலேயே பழகியவரிடம் விட்டுவிடுங்கள்.

கேள்வி: பழைய கிட் ஒன்று விலைக்கு வருகிறது. சிலிண்டர் நிறைய கேஸ் இருக்கிறது என்று கேஜைக் காட்டுகிறார் விற்பவர். நம்பலாமா?

பதில்: கேஜை வைத்து நம்பாதீர்கள். உள்ளே ஒரு டம்ளர் திரவம் இருந்தாலும், நிறைய இருந்தாலும், ஒரே வெப்பநிலையில் முள் ஒரே இடத்தில்தான் நிற்கும். தராசில் வையுங்கள். சிலிண்டரின் கழுத்துப் பக்கம் காலி எடை பொறித்திருக்கும். அதைக் கழித்தால் வாயுவின் எடை. அதே இடத்தில் கடைசியாக அழுத்தச் சோதனை செய்த மாதமும் வருடமும் இருக்கும். காலாவதியாகியிருந்தால் சிலிண்டருக்கு ஒரு காசும் கணக்கு வைக்காதீர்கள். பெயின்ட் அடித்து எண்களை மறைத்திருந்தால் அப்படியே திரும்பி வந்துவிடுங்கள்.

கேள்வி: இதைப் பொருத்தினால் வாரன்டி போகுமா? போட்டியில் அனுமதிப்பார்களா?

பதில்: என்ஜின் கோளாறுக்கு கிளெய்ம் கேட்டுப் போனால், கம்பெனி முதலில் இந்த மாற்றத்தைத்தான் சுட்டிக்காட்டும், இன்ஷூரன்ஸுக்கும் முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். போட்டியைப் பொறுத்தவரை ஒவ்வொரு பிரிவுக்கும் தனி விதி உண்டு. நீங்கள் ஓடும் பிரிவின் விதிப்புத்தகத்தில் இன்டர்கூலர் ஸ்ப்ரே, அழுத்த சிலிண்டர் இரண்டைப் பற்றியும் என்ன எழுதியிருக்கிறது என்று கிட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே படித்துவிடுங்கள்.