வாசகர் கேள்வி-பதில்: மீந்த மசாலாவில் சாண்ட்விச்

கே: பூரிக்குச் செய்த உருளைக்கிழங்கு மசாலா மீந்தால் மறுநாள் சாண்ட்விச் மேக்கரில் பிரெட்டுக்குள் வைத்துச் சுடுகிறேன். வெளியே சிவந்தாலும் உள்ளே சொதசொதவென்று இருக்கிறது. ஓரத்தில் வழியவும் செய்கிறது. ஏன்?
- வாசகி, திண்டுக்கல்

ப: பூரி மசாலாவில் தண்ணீர் அதிகம். சுடும்போது அது ஆவியாகி, வெளியேற வழியின்றி பிரெட்டிலேயே இறங்கிவிடுகிறது. மசாலாவை வாணலியில் சிறு தீயில் சுமார் 5 நிமிடம், கரண்டியால் இழுத்தால் அடி தெரியும்வரை கிளறுங்கள். அப்போதும் தளர்வாக இருந்தால் ஒரு கப்புக்கு 1 டீஸ்பூன் பொட்டுக்கடலைப் பொடி சேர்க்கலாம். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததை அப்படியே வைக்க வேண்டாம். மேக்கரில் இருக்கும் 3, 4 நிமிடத்தில் பிரெட் சிவந்துவிடும், நடுவில் ஜில்லென்றே இருக்கும். ஆவி பறக்கச் சூடாக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் வையுங்கள்.

வழிவது அளவு கூடுவதால். முக்கோண மேக்கருக்கு 2 டேபிள்ஸ்பூன் போதும், 3 போட்டால் பிதுங்கும். மேக்கர் பிரெட்டை இரண்டு முக்கோணமாக அழுத்தும் குறுக்குக்கோட்டையும் ஓரத்தில் ஒரு விரல் அகலத்தையும் விட்டு இரண்டு குவியலாக வையுங்கள். கோட்டின்மேல் மசாலா கிடந்தால் பிரெட் ஒட்டாது.

வெண்ணெயை வெளிப்புறம் ஓரம்வரை மெல்லிசாகத் தடவுங்கள். சட்னி வைப்பதானால் உள்ளேயும் முதலில் வெண்ணெய், அதன்மேல் சட்னி. ஈரம் அவ்வளவாக இறங்காது. மேக்கர் நன்றாகச் சூடேறிய பிறகே வைக்க வேண்டும். முதல் 2 நிமிடம் திறந்து பார்த்தால் மேல் துண்டு மூடியோடு பிய்ந்து வரும். எடுத்ததும் தட்டில் படுக்கவைத்தால் அடியில் வியர்த்துவிடும், கம்பி வலையில் வையுங்கள்.

கே: மேக்கர் இல்லை. தோசைக்கல்லில் செய்யலாமா?
- கல்லூரி மாணவர், கோவை

ப: தாராளமாக. மொறுமொறுப்பில் தோசைக்கல்தான் மேல். சிறு தீயில் வைத்து, மேலே ஒரு தட்டு, அதன்மேல் தண்ணீர் நிரப்பிய பாத்திரம். பக்கத்துக்கு 2, 3 நிமிடம். ஓரம் மூடிக்கொள்ளாது என்பதால் உதிரிப் பொரியலுக்கு இது தோதில்லை.

கே: பீன்ஸ் பொரியல், கோழிக் குழம்பு இதற்கு ஆகுமா?
- இல்லத்தரசி, தஞ்சாவூர்

ப: பொரியல் உதிரும். ஒரு கப்புக்குப் பாதி உருளைக்கிழங்கை மசித்துப் பிசைந்தால் பிடித்துக்கொள்ளும், அல்லது மேலும் கீழும் துருவிய சீஸ் போடலாம். தேங்காய் போட்டதானால் முகர்ந்து பாருங்கள், புளித்த வாடை வந்தால் கொட்டிவிடுங்கள். கோழியில் எலும்பு நீக்கிச் சதையை உதிர்த்து, 2 ஸ்பூன் குழம்போடு சுண்ட வறுத்தால் போதும். மீதிக் குழம்பு சாதத்துக்கு.